பறவைக்குக் கீழே வானம்

"எங்கப்பாவச் சுட்டது நீங்கதான்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க, பெல்டன் சார்."

கேட்டே விட்டாள். கேட்கவே கூடாது என்று மூன்று பேர் அவளிடம் சொல்லியிருந்தார்கள். வேட்டை விடுதியின் முதலாளி வெர்லின் ஓப் சொன்னார். அம்மா சொன்னாள். இடது கண்ணைப் பறிகொடுத்த அப்பாவே சொன்னார். லேனி வைஸ்பெக் ஒரு வருஷமாக அதை விழுங்கி விழுங்கி வைத்திருந்தாள். இன்று காலை பதினொரு மணிக்கு, விடுதியின் துப்பாக்கி அறையில், விலைக்கு வாங்க வந்த மனிதரின் முகத்துக்கு நேராக அது வந்து விழுந்தது.

கிரஹாம் பெல்டன் அப்போது ஒரு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிச் சுவரின் மூலையைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். அதை இறக்கவும் இல்லை, அவளைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"லேனி!" என்றார் கல்லாப் பக்கம் நின்றிருந்த வெர்லின். நாயை அதட்டும் அதே குரல்.

அவள் கேட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பெல்டன் மினியாபொலிஸில் ஒரு விதைக் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். நாளைக்கு சவுத் டகோட்டா முழுக்க பெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டைக்கு சீசன் திறக்கிறது. இரவல் துப்பாக்கி இனி வேண்டாம், சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு நாள் முன்னதாகவே வந்திருந்தார். புல்வெளியில் நாள் முழுக்கத் தூக்கி நடக்கவும் வேண்டும், ஊருக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில், காற்றில் வீசும் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகவும் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி, செமி ஆட்டோமேட்டிக், லேசானது. அதுவரை சரி. இரண்டு துப்பாக்கிகளை எடுத்து மேசையில் வைத்தாள். ஒன்று ஆறு பவுண்டுகூட இல்லாத, குழல் சிறுத்த இருபது கேஜ். இன்னொன்று ஏழு பவுண்டைத் தாண்டிய, குழல் பெருத்த பன்னிரண்டு கேஜ். அவர் லேசானதை எடுத்தார், தோளில் வைத்தார், சிரித்தார்.

"போன வருஷம் நீ எடுத்துக் குடுத்தியே, அதே ஜாதிதான இது? என்னமா கைக்கு அடக்கமா இருந்துச்சு! இந்த ஒரு வருஷமா அது ஞாபகமாவே இருக்கேன்."

துப்பாக்கி ஞாபகமாம்.

போன வருஷம் இதே அக்டோபரில்தான் அது நடந்தது. லேனி அப்போது மண்ணியலில் பட்டம் வாங்கி நாலு மாசம் ஆகியிருந்தது. வைஸ்பெக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். பட்டத்தை அம்மா சட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே மாட்டினாள். வேலை கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து தெரிந்த வேலை இருந்தது, துப்பாக்கி. வெர்லினின் விடுதியில் அவளுக்குத் தட்டு மைதானத்தைக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே, துப்பாக்கிக்காரர்கள் வயலில் பக்கம் பக்கமாக நடக்கும் வேட்டை வரிசையை, நாய்களையும் ஒரு விசிலையும் வைத்து நடத்துகிறவர் அவள் அப்பா டெல்மர்.

மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர்கள் வயலில் இறங்குவதற்கு முன் பத்துத் தட்டு சுட வேண்டும். எத்தனை உடைக்கிறார்கள் என்பது கணக்கே இல்லை. முதல் எட்டும் உயரே பறக்கும். கடைசி இரண்டைப் புல்லை உரசுகிற மாதிரித் தாழ்வாக விடுவார்கள். அந்த இரண்டையும் சுடாமல் விடுகிறவன்தான் தேறினவன். பறவைக்குக் கீழே வானம் தெரிந்தால் சுடு, தெரியாவிட்டால் குழலை மேலே தூக்கு. தாழப் பறக்கிற சேவலுக்குப் பின்னால் நாய் இருக்கும், நாய்க்குப் பின்னால் மனிதன் இருப்பான். தாழ்ந்த தட்டைச் சுட்டவனுக்கு வயலில் இரண்டே தோட்டா. குழலுக்கு அடியில் இருக்கும் தோட்டாக் குழாயில் ஒரு மரக்குச்சியைச் செருகிவிட்டால் துப்பாக்கி இரண்டுக்கு மேல் வாங்காது. அவனை வரிசைக்கு நடுவில் நிறுத்துவார்கள், ஓரத்தில் விடமாட்டார்கள்.

பெல்டன் தாழ்ந்த தட்டு இரண்டையும் சுட்டார். இரண்டும் தூள். கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். லேசான துப்பாக்கி அவர் கையில் குச்சி மாதிரிச் சுழன்றதை லேனி பார்த்தாள். அது எங்கே நிற்கும் என்று அவருக்கே தெரியவில்லை என்பதையும் பார்த்தாள். மரக்குச்சியைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டுதானா? எனக்கென்ன இன்னும் பால் பல்லா விழாம இருக்கு?" என்றார் பெல்டன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ மண்ணியல் படிச்சவளாமே? வெர்லின் சொன்னார். உன்ன மாதிரிப் புள்ளைங்கதான் எங்களுக்கு வேணும். ஒரு மெயில் போட்டு வை, பாக்கறேன்."

அந்த விடுதியில் அவளைப் படித்தவள் என்று ஒரு விருந்தாளி சொன்னது அதுதான் முதல் தடவை. மற்றவர்களுக்கு அவள் டெல்மர் பொண்ணு, தட்டு வீசுகிற பொண்ணு. அவள் குச்சியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவருடைய தேர்வு அட்டையில் 'தேறினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவர் கேட்டபடியே இடது ஓரத்தில் நிற்க இடமும் எழுதிக் கொடுத்தாள்.

மதியம் இரண்டு மணிக்குச் சோளக் கொல்லைப் பக்கமிருந்து இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு மூன்றாவது. அதற்குப் பின் அப்பாவின் விசில் கேட்கவில்லை.

அவள் ஓடினாள். ஓடினது எங்கே என்பதுதான் இந்த ஒரு வருஷமாக அவளைத் தூங்கவிடாமல் அடிப்பது. அப்பா புல்லில் உட்கார்ந்திருந்தார், முகத்தைக் கையால் மூடியிருந்தார், ஆரஞ்சுச் சட்டையின் முன்பக்கம் நிறம் மாறிக்கொண்டிருந்தது, அவரைச் சுற்றி ஆட்கள். விடுதி வண்டியின் பின்பக்கத்தில் பெல்டன் சுட்ட அந்தத் துப்பாக்கி கிடந்தது. அவள் முதலில் வண்டிக்குத்தான் போனாள். குச்சியைக் குழாய்க்குள் செருகி மூடியைத் திருகிவிட்டு, அதற்கப்புறம்தான் அப்பாவிடம் போனாள்.

வேட்டைத் துறை அதிகாரி ரெய்னர் வந்து பார்த்தபோது துப்பாக்கி இரண்டுதான் வாங்கும் என்று இருந்தது. எத்தனை தடவை சுட்டீர்கள் என்றதற்கு பெல்டன், பதற்றத்தில் ஞாபகம் இல்லை என்றார். விடுதியின் தரப்பில் ஓர் அறிக்கை வேண்டும் என்றார் ரெய்னர். "நீதான் படிச்சவ, நீயே பிசகில்லாம எழுதிடு" என்றார் வெர்லின். ஆஸ்பத்திரியில் பாதி முகத்தில் கட்டோடு படுத்திருந்த அப்பா, "நான் ரெண்டு எட்டு முன்னால போயிட்டேன்னு எழுது பாப்பா" என்றார். எழுதினாள். 'நாய்களைக் கையாண்டவர் வரிசையை மீறி முன்னேறியிருந்தார்.' பிழையே இல்லாத வாக்கியம். நாலு வருஷப் படிப்பில் அவள் எழுதியதிலேயே ஒரு ஆளுக்கு உண்மையான பலன் தந்த வாக்கியம் அதுதான். பலன் பெல்டனுக்கு.

இந்த வருஷம் விசில் வேறொருவர் கையில். வரிசையை மீறுகிற ஆளை நம்பி நாயையும் விருந்தாளியையும் விட முடியாது என்று இன்ஷூரன்ஸ்காரன் சொல்லிவிட்டானாம். அப்பா கொட்டகையில் கோழி உரிக்கிறார். ஊர்க் காபிக் கடையில் "டெல்மருக்கு என்ன கேடு, அத்தன வருஷம் நடந்தவன் முன்னால ஓடுவானா?" என்று பேசுகிறார்கள். அவள் காதுபடவே பேசுகிறார்கள்.

பெல்டன் இப்போது துப்பாக்கியை இறக்கி, தோட்டா அறை காலியாக இருப்பதைத் திறந்து காட்டி, மேசைமேல் வைத்தார். ஒழுங்காகத்தான் வைத்தார். இந்த ஒரு வருஷத்தில் யாரிடமோ கற்றிருக்கிறார்.

"நான்தான் சுட்டேன்" என்றார். "போதுமா? அந்த மூஞ்சிய நெனைக்காத வாரம் கெடையாது எனக்கு."

இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

"இப்ப நான் ஒண்ணு கேக்கலாமா?" பெல்டனின் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. "நான் மூணு தடவ சுட்டேன். அந்த ஆபீசர் பாக்கறப்ப ரெண்டுக்கு மேல போகாதுன்னார். நான் ஒண்ணும் சொல்லல. எனக்காகத்தான் சொல்லல, இல்லேங்கல. ஆனா உனக்காகவுந்தான். குச்சியப் போடாம விட்டது யாரு, அப்புறமா வெச்சது யாருன்னு எனக்குத் தெரியாதா?"

வெர்லின் கல்லாவை விட்டு வெளியே வந்தார். "எந்தக் குச்சி?"

  லேனி கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வெர்லின் பின்னாலேயே வந்து, நாய்க்கூண்டுகளுக்குப் பக்கத்தில் அவளை மடக்கினார்.

"நீயா குச்சியப் போடாம விட்ட?"

"ஆமா."

"அடிப் பாவி." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அறுபது வயது மனிதர், கெட்டவர் இல்லை, விடுதியைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுக்காதவர், அவ்வளவுதான். "சரி. நான் கேக்கல, நீ சொல்லல. இங்க பாரு லேனி, நாளைக்கு சீசன் தொறக்குது. நாப்பது பேர் வராங்க. இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட நான் பேசிக்கறேன். நாளையிலேர்ந்து விசில் டெல்மர் கையில. நாயும் அவரோடது. நீ உள்ள போயி அந்த ஆளுக்கு நல்லதா ஒரு துப்பாக்கிய எடுத்துக் குடு. இதோட விட்டுடு."

"ஒரு வருஷமா முடியாதுன்னீங்க. இப்ப மட்டும் எப்படி முடியுது?"

"ஏன், வேணாமா? உங்கப்பனக் கேட்டுட்டு வா, போ."

கேட்கத்தான் போனாள்.

கொட்டகையில் டெல்மர் தனியாக இருந்தார். சீசனுக்கு முன்பே சுட அனுமதி உள்ள விடுதியின் சொந்த வயலில் காலையில் அடித்த பதினெட்டுச் சேவல்கள் மேசையில் வரிசையாகக் கிடந்தன. கத்தி போகும் இடம் தெரிவதற்காக முகத்தை இடது பக்கம் நன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தார். மனிதரைப் பார்த்தாலே கழுத்து வலிக்கும்.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? பெல்டன் வந்துட்டானா?"

"அப்பா, அன்னிக்கு மூணாவது தோட்டா என்னாலதான். குச்சிய நான்தான் போடாம விட்டேன்."

அவர் சிறகுகளை வாளிக்குள் தள்ளினார். "தெரியும்."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எண்ணிக்கிட்டுதான நடக்கறேன் இத்தன வருஷமா. கெழவன் எவன், புதுசு எவன், எவன் துப்பாக்கில எத்தன இருக்குன்னு எண்ணாதவன் இந்தத் தொழில்ல ஒரு சீசன் தாங்க மாட்டான்." கத்தியைத் துணியில் துடைத்தார். "காலைல அவன் தாழ்ந்த தட்ட உடைச்சானே, அந்தக் கைதட்டு எனக்கு நாய்க்கூண்டு வரைக்கும் கேட்டுச்சு. அப்ப அவனுக்கு ரெண்டுதான்னு எனக்குக் கணக்கு. ஓரத்துல வந்து நின்னான், பாத்தேன். நீ எதுக்காவது அங்க நிறுத்தியிருப்பேன்னு விட்டுட்டேன். சேவல் தாழ எந்திரிச்சதும் நான் புல்லுல குனிஞ்சுட்டேன். ஒண்ணு. ரெண்டு. அவ்ளோதான், முடிஞ்சுதுன்னு தலையத் தூக்கினேன், நாயக் கூப்புட."

 ஒரு வருஷமாகத் தன் குற்றத்தின் நீள அகலம் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். ஒரு முட்டாள் கையில் கூடுதலாக ஒரு தோட்டா கொடுத்தேன், அவ்வளவு என்று. அப்படி இல்லை. அவர் தலையைத் தூக்கியதே அவளை நம்பித்தான். எவனோ ஒருவனுடைய துப்பாக்கியை அவர் எண்ணவில்லை. தன் மகள் போட்டிருக்க வேண்டிய குச்சியை எண்ணியிருக்கிறார்.

"அப்ப முன்னால போயிட்டேன்னு எழுதச் சொன்னது..."

"பின்ன? நான் வரிசையில நின்னேன்னா, மூணாவது எங்கேர்ந்து வந்துச்சுன்னு ரெய்னர் கேப்பான். அட்டையில யாரு கையெழுத்துன்னு பாப்பான். நீ படிச்சு முடிச்சு நாலு மாசம். எவன் வேல குடுப்பான்?"

"வெர்லினுக்காகன்னு நெனச்சேன்."

"வெர்லினுக்காக நான் ஏன்டி என் பேரக் கெடுத்துக்கறேன்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. வேலைக்கு அழைப்பே வந்திருந்ததே! அந்த வாரமே பெல்டனின் கம்பெனியிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு மெயில் வந்தது. அவள் போகவில்லை. அழிக்கவும் இல்லை. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. இப்போதும் சொல்லவில்லை.

"வெர்லின் நாளைக்கு விசிலத் திருப்பிக் குடுக்கறேங்கறார்" என்றாள்.

கத்தி நின்றது. "நெசமாவா?"

"நெசமாத்தான். நான் வாய மூடிட்டு உள்ள போயி அந்த ஆளுக்குத் துப்பாக்கி வித்தா."

 அவர் முகமே அவளுக்குச் சொல்லிவிட்டது. கழுத்து நிமிர்ந்தது, வெளியே கூண்டுகளின் பக்கம் ஒற்றைக் கண் போய் வந்தது. ஐம்பத்தாறு வயது மனிதர், விளையாட்டுச் சாமான் கடை வாசலில் நிற்கிற பையன் மாதிரி நின்றார். அதைப் பார்த்த பிறகும் அடுத்ததை அவள் சொல்ல வேண்டியிருந்தது.

"நான் ரெய்னரப் பாக்கப் போறேன்ப்பா. எழுதினது பொய்யின்னு சொல்லப் போறேன். குச்சி, அட்டை, எல்லாத்தையும்."

"போனா உனக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கு விசில் கெடைக்காது."

"ஆமா. கெடைக்காது."

"இந்தக் கொட்டகையும் போயிடும்."

"போயிடும்."

"அப்ப யாருக்குடி நல்லது பண்றே?"

"நீங்க வரிசையிலதான் நின்னீங்க."

"அது எனக்குத் தெரியுமே!"

"ஊருக்குத் தெரியலியே. காபிக் கடையில உங்களப் பைத்தியக்காரன்னு பேசறாங்க. நான் எழுதினத வெச்சுப் பேசறாங்க."

"பேசட்டும். அவனுங்க வாய்க்கு நானா வாடகை குடுக்கறேன்? ஊருக்காகப் போறியா, உனக்காகப் போறியா? ஒழுங்காச் சொல்லு."

அவள் யோசித்தாள். அழகாக எழுதத் தெரிந்தவள். அழகான பதில் ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது. அதை விட்டுவிட்டாள்.

"எனக்காகத்தான்."

டெல்மர் அடுத்த சேவலை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தை மறுபடி இடது பக்கம் திருப்பினார். அதனால் அவர் தன்னைப் பார்க்கிறாரா, பார்க்காமல் இருக்கிறாரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "உங்கம்மா ஆப்பிள் போட்டு கூகன் கேக் சுட்டு வெச்சிருக்கா. சாப்பிட்டுட்டாவது போ" என்றார் கடைசியில். சம்மதமா, வெறுப்பா, ஒன்றும் விளங்கவில்லை. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை.

துப்பாக்கி அறைக்குத் திரும்பினாள். பெல்டன் இன்னும் அங்கேதான் நின்றார். வெர்லின் அவருக்குக் காபி கொடுத்து, வானிலையைப் பற்றிப் பேசிச் சமாளித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வெர்லின் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியது. பேரம் முடிந்தது என்று நினைத்துவிட்டார்.

லேனி லேசான துப்பாக்கியை எடுத்து உறைக்குள் போட்டாள். கனமானதை பெல்டனின் முன்னால் நகர்த்தினாள்.

"இத எடுங்க."

"கனமா இருக்கே. நான் எட்டு மைல் நடக்கணும்."

"நடங்க. நீங்க குறிய விட்டுட்டு வேகத்தப் பிடிக்கிற ஆளு. லேசானது உங்க கையில பறக்கும், எங்க போறோம்னு தெரியாம பறக்கும். இது முன்பக்கம் கனம். சுழட்டினா தானா ஓடும், சட்டுன்னு நிக்காது, சட்டுன்னு திரும்பாது. நீங்க ஒரு தப்பு பண்ண நெனச்சாலும் உங்களுக்கு முன்னால ஒரு நிமிஷம் யோசிக்கும். வெடிக்கிற புகைய வெச்சே அடுத்த தோட்டாவ ஏத்திக்கும், அதுல தோள்ல விழற உதை பாதி கொறஞ்சுடும், நூறு தட்டு சுட்டாலும் தோள் வலிக்காது. ஆனா மாசம் ஒரு தடவ பிரிச்சுத் துடைக்கணும். சோம்பேறித்தனம் பண்ணாதீங்க."

பெல்டன் அதைத் தோளில் ஏற்றினார். இந்தத் தடவை மெதுவாக. "சரியாத்தான் இருக்கு" என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு. இறக்கி வைத்துவிட்டு, "நீ என் மேல இருக்கற கோவத்துல மோசமானதத் தள்ளிவிடுவேன்னு நெனச்சேன்" என்றார்.

"உங்களுக்கு மோசமானத ஏற்கெனவே ஒரு தடவ எடுத்துக் குடுத்துட்டேன்." அலமாரிச் சாவியையும் கையில் கட்டியிருந்த மைதானத்துப் பட்டையையும் மேசையில் வைத்தாள். "நாளைக்குத் தட்டு வீச வேற ஆள் வெச்சுக்கங்க, வெர்லின். ரெய்னர் ஆபீஸ இன்னிக்குப் பன்னெண்டரைக்கு மூடிடுவாங்க. பெல்டன் சார், உங்களையும் கூப்புடுவாங்க. அப்ப ஞாபகம் வந்துடணும்."

"லேனி, நான் சொன்னது?" வெர்லினின் குரல் உடைந்தது. "டெல்மருக்கு விசில்..."

"அவருகிட்ட நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சாப்பிட்டுட்டுப் போன்னாரு."

பெல்டன் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்க அவள் நிற்கவில்லை. முன்வாசலில் மினசோட்டா எண் போட்ட வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு உறையைத் தோளில் மாட்டியபடி. அதில் ஒருவன், போன வருஷம் கைதட்டினவன், "ஏ பொண்ணு, தட்டு எத்தன மணிக்கு?" என்று கத்தினான்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் தன் வண்டியைப் பார்த்து நடந்தாள்.